கணக்குச் சொல்லும் கடமை: ஆட்சி முறைகளும் அவற்றின் நோக்கங்களும்

மலேசியாவின் பேரரசர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறுகிறார். ஒன்பது மாநிலங்களின் பரம்பரை ஆட்சியாளர்கள் தங்களுக்குள் முறைவைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் தலைவருக்கு அதிபர் என்று பெயர். அவரைத் தேர்ந்தெடுப்பது ஏழு அமீர்கள் கூடும் அவை. வட கொரியா தன் அதிகாரப்பூர்வப் பெயரில் ஜனநாயகம், மக்கள், குடியரசு மூன்றையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது; 1948 முதல் அங்கே தாத்தா, மகன், பேரன் என ஒரே குடும்பம் ஆள்கிறது. ஜப்பானும் சுவீடனும் முடியாட்சிகள். ஆனால் அங்கே அரசாங்கத்தை ஏற்றுவதும் இறக்குவதும் வாக்குச்சீட்டு.

பெயர் இத்தனை தூரம் ஏமாற்றும் என்றால், ஓர் ஆட்சி முறையை எதை வைத்து எடைபோடுவது? அரசு எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கும், அது எந்த வடிவில் இருக்கிறது என்ற கேள்விக்கும் என்ன தொடர்பு? இந்த இரண்டையும் பற்றிப் பேசப்பட்டவற்றையும் நடந்தவற்றையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. இதன் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆள்பவர் யார், எத்தனை பேர் என்பதைவிட, அவர் யாருக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை கணக்குச் சொல்லியாக வேண்டும் என்பதே ஆட்சியின் குணத்தைத் தீர்மானிக்கிறது. தேர்தலில் ஒருபோதும் பெரும்பான்மையாக முடியாதவர்களுக்கும் அந்தக் கணக்கில் இடம் இருக்கிறதா என்பது அடுத்த சோதனை.

எண்ணிக்கையிலிருந்து நோக்கத்துக்கு

ஆட்சி முறைகளை வகைப்படுத்தும் வேலையைப் பெரிய அளவில் செய்தவர் அரிஸ்டாட்டில். அவரும் மாணவர்களும் 158 அரசமைப்புகளைத் தொகுத்ததாகச் சொல்லப்படுகிறது. அவற்றில் ஏதென்ஸைப் பற்றிய பகுதி மட்டும் எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து 1891-ல் அச்சேறியது. ‘அரசியல்’ நூலில் அவர் கேட்ட கேள்விகள் இரண்டு: ஆள்வது ஒருவரா, சிலரா, பலரா? ஆள்வது பொதுநலனுக்கா, தம் நலனுக்கா? இவற்றைப் பெருக்கினால் ஆறு வகை கிடைக்கும். ஒருவர் பொதுநலனுக்கு ஆண்டால் முடியாட்சி, தன்னலத்துக்கு ஆண்டால் கொடுங்கோன்மை. சிலர் ஆண்டால் சான்றோர் ஆட்சி, கெட்டால் செல்வர் ஆட்சி. பலர் ஆள்வதன் நல்ல வடிவத்தை அவர் பொதுவான அரசமைப்பு என்ற பெயரால் குறித்தார். ஜனநாயகத்தைக் கெட்டுப்போன வடிவங்களின் பட்டியலில் வைத்தார்.

இன்றைய வாசகருக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. செல்வர் ஆட்சிக்கும் ஜனநாயகத்துக்கும் உண்மையான வேறுபாடு தலை எண்ணிக்கையில் இல்லை, செல்வத்திலும் வறுமையிலும் இருக்கிறது என்றார். ஏழைகள் தங்களுக்காக மட்டும் ஆண்டால் அதுவும் ஒரு தரப்பின் ஆட்சிதான் என்பது அவர் வாதம். தேர்தல் செல்வர் ஆட்சியின் வழி, குலுக்கல்தான் ஜனநாயகத்தின் வழி என்ற கருத்தும் அவரிடம் உண்டு. ஏதென்ஸின் ஐந்நூற்றுவர் அவை பத்துக் குலங்களிலிருந்து குலத்துக்கு 50 பேராகக் குலுக்கலில் தேர்வானது. பெண்களும் அடிமைகளும் வெளியூரில் இருந்து வந்து குடியேறியவர்களும் அந்தக் குலுக்கலுக்குள் வரவே இல்லை.

அரிஸ்டாட்டிலின் அட்டவணையில் ஓர் இடைவெளி இருக்கிறது. நல்ல முடியாட்சி எப்போது கொடுங்கோன்மையாக மாறியது என்று தீர்ப்புச் சொல்வது யார்? சொன்ன பிறகு என்ன செய்வது? நோக்கம் ஆள்பவரின் மனத்தில் இருக்கும்வரை, குடிமக்கள் அதை ஊகிக்கத்தான் முடியும்.

அரசு எதற்காக?

இந்திய மரபில் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. அர்த்தசாஸ்திரம் அரசை ஏழு உறுப்புகளாகப் பிரித்தது; அரசனையும் அவற்றில் ஓர் உறுப்பாகவே எண்ணியது. திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண் ஆகிய ஆறையும் உடையவனே அரசருள் ஏறு என்கிறது. வருவாய்க்கு வழி உண்டாக்குவது, சேர்ப்பது, காப்பது, பங்கிடுவது என்று அரசின் பொருளியல் வேலையையும் அது வரிசைப்படுத்துகிறது. செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்த அதிகாரங்கள். குறை கண்டால் இடித்துச் சொல்லும் பெரியோர் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே அழிவான் என்ற எச்சரிக்கையும் உண்டு. எச்சரிக்கை கூர்மையானது, ஆனால் இடித்துரைப்பவரின் பேச்சைக் கேட்பதா வேண்டாமா என்பது மன்னன் விருப்பம். குடிகளின் கையில் அதற்கான கருவி எதுவும் கொடுக்கப்படவில்லை.

ஐரோப்பாவில் அந்தக் கருவி பற்றிய வாதம் உள்நாட்டுப் போரிலிருந்து பிறந்தது. இங்கிலாந்து தன் மன்னன் முதலாம் சார்லஸை 1649-ல் தலைவெட்டியது. இரண்டே ஆண்டுகளில் ‘லெவயதான்’ எழுதிய தத்துவஞானி ஹாப்ஸுக்கு உயிர்ப் பாதுகாப்பே அரசின் முதல் நோக்கமாகத் தெரிந்தது. பாதுகாப்பு வேண்டுமென்றால் அதிகாரத்தை முழுதாக ஒப்படைத்துவிட வேண்டும் என்றார். 1689-ல் வெளிவந்த லாக்கின் நூல் இதை மறுத்தது. உயிர், உரிமை, உடைமை மூன்றையும் காக்கவே மக்கள் அரசை ஏற்படுத்தினார்கள். அதற்கு மாறாக நடக்கும் அரசை விலக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு என்றார். நோக்கம் இப்போது ஆள்பவரின் மனத்திலிருந்து வெளியே வந்து, மற்றவர்கள் அளந்து பார்க்கக்கூடிய நிபந்தனையாயிற்று.

பிறகு அந்த நோக்கம் அகன்றுகொண்டே போனது. 1776-ல் ஆடம் ஸ்மித் அரசின் கடமைகள் மூன்று என்றார்: நாட்டைக் காத்தல், நீதி வழங்குதல், தனியார் செய்ய முன்வராத பொதுப்பணிகளைச் செய்தல். 1880-களில் ஜெர்மனியின் பிஸ்மார்க் மருத்துவக் காப்பீடு, விபத்துக் காப்பீடு, முதுமை ஓய்வூதியம் ஆகியவற்றைச் சட்டமாக்கினார். சோஷலிஸ்டுகளின் செல்வாக்கைக் குறைப்பது அவர் கணக்கு. பிரிட்டனில் 1942-ன் பெவரிஜ் அறிக்கை 1948-ல் தேசிய மருத்துவச் சேவைக்கு வழிவகுத்தது. இந்திய அரசமைப்பின் முகவுரை சமூக, பொருளாதார, அரசியல் நீதியை முதலில் வைத்தது. ஆனால் அந்தப் பொருளாதார நீதியை விரித்துச் சொல்லும் வழிகாட்டு நெறிமுறைகளை நீதிமன்றத்தில் வழக்காட முடியாதவையாக 37-ஆவது பிரிவு ஆக்கியது. அவற்றுக்கான கணக்கைத் தேர்தலில்தான் கேட்க வேண்டும். தமிழகத்தில் 1956-ல் காமராஜர் ஆட்சியில் தொடங்கி 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய பள்ளி உணவுத் திட்டத்தை எந்த நீதிமன்ற ஆணையும் கொண்டுவரவில்லை. தேர்தலில் மக்களைச் சந்திக்கும் அரசுகள் கொண்டுவந்தன.

பஞ்சம் ஒரு சோதனை

நோக்கமும் வடிவமும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதைப் பஞ்சத்தில் தெளிவாகப் பார்க்கலாம். குடிகளைப் பட்டினியிலிருந்து காப்பது எல்லா அரசுகளும் ஏற்கும் நோக்கம். 1876–78 சென்னை மாகாணப் பஞ்சத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்திய அரசு ஆணையம் அமைத்து, பஞ்ச நிவாரண விதித்தொகுப்பையே உருவாக்கியது. இருந்தும் 1943-ல் வங்கத்தில் இருபது முதல் முப்பது லட்சம் பேர் மாண்டபோது, அந்த விதிகளின்படி பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளேடு அந்த ஆகஸ்டில் தெருவில் கிடந்தவர்களின் படங்களை வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. விதி இருந்தது. அதைச் செயல்படுத்தாதவரைப் பதவியிலிருந்து இறக்கும் வழி வங்க மக்களிடம் இல்லை. டெல்லியும் லண்டனும் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை அல்ல.

1958-க்கும் 1961-க்கும் இடையே சீனாவில் கோடிக்கணக்கானோர் இறந்தார்கள். அது மக்கள் பெயரால் நடந்த ஆட்சி. உள்ளூர் அதிகாரிகள் விளைச்சலைக் கூட்டிக் காட்டினார்கள். மேலே இருந்தவர்கள் அந்தப் பொய்க் கணக்கின்படி தானியத்தைக் கொள்முதல் செய்தார்கள். எதிர்க்கட்சியும் சுதந்திரமான பத்திரிகையும் இல்லாததால் பொய்யை உடைக்க ஆளில்லை. இந்த இரண்டையும் ஒப்பிட்டுத்தான் பொருளியலறிஞர் அமர்த்தியா சென், போட்டித் தேர்தலும் சுதந்திரப் பத்திரிகையும் இயங்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்றார். 1972–73-ல் மகாராஷ்டிரத்தைக் கடும் வறட்சி தாக்கியபோது அரசு லட்சக்கணக்கானோருக்கு நிவாரண வேலை கொடுத்துப் பஞ்சத்தைத் தடுத்தது.

அதே சென், ழான் திரேஸுடன் சேர்ந்து மறுபக்கத்தையும் எழுதினார். இந்திய ஜனநாயகம் பஞ்சத்தைத் தடுத்தது. குழந்தைகளின் ஊட்டக்குறைவை அப்படித் தடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் பேரழிவுக்குத் தேர்தல் கணக்குக் கேட்கும். அன்றாடம் மெதுவாக நடக்கும் இழப்பு தலைப்புச் செய்தியாவதில்லை; அதனால் கணக்கிலும் ஏறுவதில்லை.

நாடாளுமன்றமா, அதிபரா?

மக்களாட்சி என்று ஏற்றுக்கொண்ட நாடுகளுக்குள் பெரிய பிரிவினை, நிர்வாகத்துக்கும் சட்டமன்றத்துக்கும் உள்ள உறவில் இருக்கிறது. நாடாளுமன்ற முறையில் அமைச்சரவை அவையின் நம்பிக்கை இருக்கும்வரைதான் நீடிக்கும். பிரிட்டனில் 1979 மார்ச் 28 அன்று காலகன் அரசு 311-க்கு 310 என்று ஒரே வாக்கில் வீழ்ந்தது. இந்தியாவில் 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று வீழ்ந்தது. அமெரிக்க முறையில் அதிபரும் காங்கிரஸும் தனித்தனியே தேர்வாகிறார்கள். ஒருவரை மற்றவர் எளிதில் கலைக்க முடியாது. ஆண்ட்ரூ ஜான்சன், கிளின்டன், டிரம்ப் ஆகியோர் மீது பிரதிநிதிகள் சபை பதவிநீக்கக் குற்றச்சாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியும் செனட் எவரையும் பதவிநீக்கவில்லை. இரு தரப்பும் இறங்கிவராவிட்டால் அரசு அலுவலகங்களே முடங்கும். 2018–19-ல் அது 35 நாள் நீடித்தது.

அரசியலறிஞர் ஹுவான் லின்ஸ் 1990-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அதிபர் முறையின் அடிப்படைச் சிக்கலைச் சுட்டினார். அதிபரும் மக்கள் தேர்வு, அவையும் மக்கள் தேர்வு; மோதல் வந்தால் யார் மக்களின் உண்மைக் குரல் என்பதைத் தீர்க்க வழியில்லை. லத்தீன் அமெரிக்காவில் இந்த இடைவெளியில் ராணுவம் புகுந்தது. இதை மறுத்தவர்களும் உண்டு. அந்த நாடுகளில் ஜனநாயகம் உடைந்ததற்கு முந்தைய ராணுவ ஆட்சிகளின் மரபே காரணம், அதிபர் முறை அல்ல என்பது மற்றோர் அரசியலறிஞரான சேபூபின் வாதம்.

நாடாளுமன்ற முறைக்கும் தன் நோய்கள் உண்டு. ஜெர்மனியின் வைமார் குடியரசில் அரசுகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன. ஒன்றைக் கவிழ்க்கச் சேர்ந்தவர்கள் இன்னொன்றை அமைக்கச் சேரவில்லை. அதிபரின் அவசர ஆணைகள் அந்த வெற்றிடத்தை நிரப்பின; 1933-ல் ஹிட்லர் அதே வழியில் வந்தார். 1949-ன் அடிப்படைச் சட்டம் இதிலிருந்து பாடம் கற்றது. அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே இருப்பவரை நீக்கலாம் என்று விதித்தது. 1982-ல் ஷ்மிட்டை நீக்கி ஹெல்முட் கோலைக் கொண்டுவந்தது அந்த விதிதான். சுவிட்சர்லாந்து இரண்டுக்கும் வெளியே நின்றது: ஏழு பேர் கொண்ட அவை கூட்டாக ஆள்கிறது, தலைவர் பதவி ஆண்டுதோறும் கைமாறுகிறது. ஆனால் அதே நாடு பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கொடுத்தது 1971-ல்தான்.

இந்தியா தேர்ந்தெடுத்த வழி

1948 நவம்பர் 4 அன்று வரைவை அரசியல் நிர்ணய சபையில் வைத்த அம்பேத்கர் இந்த விவாதத்தை இரண்டு அளவுகோல்களாகச் சுருக்கினார்: நிலைத்தன்மை, பொறுப்புடைமை. இரண்டையும் முழுதாகத் தரும் முறை இதுவரை இல்லை. அமெரிக்க முறை முதலாவதை அதிகம் தருகிறது, நாடாளுமன்ற முறை இரண்டாவதை. அதிபர் முறையில் கணக்குக் கேட்பது குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை. நாடாளுமன்ற முறையில் கேள்வி நேரம், ஒத்திவைப்புத் தீர்மானம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று தினமும் கேட்கலாம், தேர்தலிலும் கேட்கலாம். இந்தியாவுக்கு அந்த அன்றாடக் கணக்கு தேவை என்பது அவர் முடிவு. ஓராண்டு கழித்து, 1949 நவம்பர் 25 அன்று, அரசியலில் தனிமனித வழிபாடு சர்வாதிகாரத்துக்கு வழி என்றும் எச்சரித்தார்.

அந்த அன்றாடக் கணக்கு பின்னாளில் மெலிந்தது. 1985-ன் கட்சித் தாவல் தடைச் சட்டம் விலைக்குப் போகும் உறுப்பினர்களைத் தடுக்க வந்தது. கூடவே, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும் என்ற நிலையையும் ஏற்படுத்தியது. அமைச்சரவை அவைக்குப் பொறுப்பு என்று 75-ஆவது பிரிவு சொல்கிறது. அவையின் பெரும்பான்மை உறுப்பினர்களோ கட்சித் தலைமைக்குப் பொறுப்பாகிவிட்டார்கள். காகிதத்தில் இது நாடாளுமன்ற முறை. பெரும்பான்மை பலமுள்ள தலைவர் இருக்கும்போது நடைமுறையில் அது அதிபர் முறைக்கு நெருங்கிவருகிறது. அமெரிக்க அதிபரைத் தடுத்துநிறுத்தும் தனித்த காங்கிரஸ் இங்கே இல்லை என்பது மட்டும் வித்தியாசம்.

இலங்கையின் பாடம்

ஒரே நாடு எல்லா வடிவங்களையும் அடுத்தடுத்துச் சோதித்துப் பார்த்த இடம் இலங்கை. 1931-லேயே அங்கே அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. 1948-ல் விடுதலை பெற்றபோது பிரிட்டிஷ் பாணி நாடாளுமன்ற முறை இருந்தது. எந்த இனத்துக்கும் மதத்துக்கும் எதிராகப் பாகுபாடான சட்டம் இயற்றக் கூடாது என்று சோல்பரி அரசமைப்பின் 29-ஆவது பிரிவு தடையும் விதித்திருந்தது. அதே ஆண்டில் அந்த நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1953-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அந்தச் சட்டங்களைச் செல்லும் என்றது. அரசாங்கம் பெரும்பான்மைக்கு நாள்தோறும் கணக்குச் சொன்னது உண்மைதான். வாக்காளர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கணக்கில் வரி இல்லை. 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் அதே அவையில், அதே முறையில் நிறைவேறியது.

1978-ல் ஜே.ஆர். ஜயவர்தன நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தார். நிலையான ஆட்சியே வளர்ச்சிக்கு வழி என்பது வாதம். 1982-ல் பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டு நீட்டினார்கள். பிறகு அந்தப் பதவியைக் குறைப்பதும் கூட்டுவதுமாகத் திருத்தங்கள் தொடர்ந்தன: 2001-ல் பதினேழாவது திருத்தம் கட்டுப்படுத்தியது, 2010-ல் பதினெட்டாவது இரண்டு தவணை வரம்பையே நீக்கியது, 2015-ல் பத்தொன்பதாவது மீண்டும் குறைத்தது, 2020-ல் இருபதாவது மீண்டும் கூட்டியது. 2018-ல் பிரதமரை நீக்கி நாடாளுமன்றத்தையும் கலைத்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் கலைப்பு ஆணையை உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. 2022-ல் அந்நியச் செலாவணி தீர்ந்து, எரிபொருளுக்கு வரிசை நீண்டபோது, அரசமைப்பு கொடுத்த பதவிநீக்க வழி எட்டாத உயரத்தில் இருந்தது. ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். நிலைத்தன்மைக்காகக் கட்டிய பதவி தெருவில் முடிந்தது. உள்ளே கேட்க முடியாத கணக்கை மக்கள் வெளியே நின்று கேட்டார்கள்.

மேலிருந்து கீழே

பெரும்பான்மையின் ஆட்சிக்குள் சிறுபான்மையைக் காக்கும் வழிகளில் ஒன்று நீதிமன்றம். இன்னொன்று அதிகாரத்தை நிலப்பரப்பின்படி பிரிக்கும் கூட்டாட்சி. நாட்டளவில் சிறுபான்மையாக இருப்பவர் ஒரு மாநிலத்தில் பெரும்பான்மையாக இருக்கலாம். தமிழகம் 1969-ல் ராஜமன்னார் குழுவை அமைத்து, 1974-ல் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது இந்தத் தர்க்கத்தில்தான். ஆனால் இந்திய அரசமைப்பின் 356-ஆவது பிரிவால் மாநில அரசுகள் நூறு முறைக்கும் மேல் கலைக்கப்பட்டன. பெரும்பான்மையை அவையில்தான் சோதிக்க வேண்டும் என்று 1994-ல் பொம்மை வழக்குத் தீர்ப்பு சொன்ன பிறகே அந்தப் பழக்கம் குறைந்தது. இலங்கையில் 1987-ன் பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளைக் கொடுத்தது. 2014-க்குப் பிறகு பல ஆண்டுகள் அவற்றுக்குத் தேர்தலே நடக்கவில்லை.

மாநிலத்துக்கு அதிகாரம் கேட்டவர்கள் ஊருக்கு அதைக் கொடுத்தார்களா என்ற கேள்வியும் உடன் வருகிறது. 1688-ல் தோன்றிய சென்னை மாநகராட்சிக்கு 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. காலம் முடியும் முன்பே உள்ளாட்சித் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று 1993-ல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புத் திருத்தங்கள் கட்டாயப்படுத்தின. அதன் பிறகும், தமிழக நகர உள்ளாட்சிகள் 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. அந்த ஆண்டுகளில் தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (919, 921) இந்த இடத்தில் நினைவுக்கு வருவது இயல்பு. அவை விவரிக்கும், குடத்தில் இட்ட ஓலைகளிலிருந்து பெயரை எடுக்கும் குடவோலை முறையைப் பெருமையோடு பேசுவோர் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அது பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே ஓலையில் பெயர் எழுதப்பட்டது. ஆனால் தகுதியின்மை பட்டியலில் ஒரு விதி இருக்கிறது: வாரியம் எனப்பட்ட குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் நிற்க முடியாது. யார் ஆளலாம் என்பதில் அந்தச் சபை மிகக் குறுகியது. பொறுப்பில் இருந்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதில் இன்றைய பல மன்றங்களைவிடக் கண்டிப்பானது.

இதுவரை பார்த்தவற்றிலிருந்து ஒரு வரிசை தெரிகிறது. முதல் பல நூற்றாண்டுகள் யார் ஆள்வது என்பதே கேள்வியாக இருந்தது; வாக்குரிமை எல்லோருக்கும் வந்ததும் அதற்கு விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. அரசின் வேலையோ அதற்குள் படையையும் நீதியையும் தாண்டி உணவு, பள்ளி, மருத்துவம் என்று வீட்டுக்குள் வந்துவிட்டது. வேலை இவ்வளவு அன்றாடமாகிவிட்ட பிறகு கணக்கு மட்டும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பது பொருந்தாது. 1997-ல் தமிழகமும் 2005-ல் இந்தியாவும் இயற்றிய தகவல் உரிமைச் சட்டங்கள், ஊரக வேலை உறுதிச் சட்டம் புகுத்திய சமூகத் தணிக்கை, ஒழுங்காகக் கூடும் கிராம சபை ஆகியவை பிரதமர் முறையா அதிபர் முறையா என்ற விவாதத்தின் அடிக்குறிப்புகள் அல்ல. ஆட்சி முறை என்பதன் உள்ளடக்கம் அங்கேதான் இருக்கிறது. எந்த நாட்டு அரசமைப்பையும் படிக்கத் தொடங்குபவர் அதன் முதல் பக்கத்தோடு நின்றுவிடாமல் மூன்று இடங்களைத் தேடிப் பார்க்கலாம்: ஆள்பவரைக் காலத்துக்கு முன்பே நீக்க என்ன வழி, நடுவே கேள்வி கேட்க யாருக்கு உரிமை, தோற்றுக்கொண்டே இருப்பவர்களுக்கு என்ன காப்பு. மூன்றுக்கும் விடை இருந்தால், தலைவருக்கு மன்னர் என்று பெயரிருந்தாலும் குடிமக்கள் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை.